என் பெயரில் பேசியவள்

பிப்ரவரி 4

தொலைபேசிச் செவிலியர் அவர்களுக்கு,

வணக்கம். இது ஒரு புகார்.

வலப்பக்க மார்பை எடுத்துவிட்டு, உங்கள் மறுவாழ்வுப் பிரிவில் கைப்பயிற்சியும் முடித்து நான் வீடு திரும்பியபோது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செவிலியர் ஒருவர் தொலைபேசியில் விசாரிப்பார் என்று சொன்னீர்கள். அச்சடித்த தாளும் கொடுத்தீர்கள். முதல் அழைப்பு வந்தது. நான் குளியலறையில் இருந்தேன். நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடும்படி மாடியை நோக்கிக் குரல் கொடுத்தேன். அதன் பிறகு ஒரு அழைப்பும் இல்லை. நன்றாக இருக்கிறேன் என்று நோயாளி சொன்னால் அதை அப்படியே நம்பிவிடுவதுதான் உங்கள் பிரிவின் வழக்கமா?

நான் தொலைபேசி இணைப்பகத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர்கூட வீட்டில் சூப்பர்வைசர் என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார். அழைப்பு வந்தும் கவனிக்காமல் விட்ட பெண் மறுநாள் என் மேசை முன் நின்று காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் உங்களிடமும் காரணம் கேட்கிறேன்.

வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். நான் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். மாடியில் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய தம்பி மனைவி. குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் சின்னவள். துணி தைக்கிறாள். இருவருமே கணவரை இழந்தவர்கள். அவள் கணவர் இறந்த அன்று, வந்தவர்கள் எதிரில் இப்படிச் சத்தம் போட்டு அழாதே என்று சொன்னேன். அதற்காகப் பேச்சை நிறுத்தினாள். காரியங்கள் முடிந்ததும் ஆளைக் கூப்பிட்டு வீட்டுத் தொலைபேசியையும் மாடிக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கு அழைப்பு வந்தால் படிக்கட்டில் நின்று ‘போன்’ என்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை. கைப்பேசி வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.

நீங்கள் அழைத்திருந்தால் நான் மனம் திறந்து பேசியிருப்பேன் என்று எண்ண வேண்டாம். தொலைபேசியில் யாரும் உண்மை பேசுவதில்லை. வேலைக்காலம் முழுவதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அழைப்பதாகச் சொன்னவர் அழைக்க வேண்டும்.

மாலையில் வலது கை கனக்கிறது. மோதிரம் கழல மறுக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் பதில் தேவை.

இப்படிக்கு,
சூப்பர்வைசர் (ஓய்வு)


பிப்ரவரி 10

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை எங்கள் பிரிவு மருத்துவரும் படித்தார். இருவருக்குமே புரியவில்லை. நான் தவறாமல் அழைத்தேனே அம்மா. ஒவ்வொரு தடவையும் நீங்கள்தானே எடுத்தீர்கள்? பிறந்த தேதி கேட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பேன், சரியாகச் சொன்னீர்கள். போன தடவைகூட “என்னம்மா, குரல் கம்மியா இருக்கு, சாப்பிட்டியா? இன்னும் எத்தன பேருக்கு போன் போட்டுக் கத்தணும்?” என்று நீங்கள்தான் என்னை விசாரித்தீர்கள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் கொஞ்ச நாள் மறதி இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

நினைவுக்கு வரட்டும் என்று, நீங்கள் சொன்னதையே எழுதுகிறேன். குளிக்கப் போகும்போது கண்ணாடியைத் துண்டால் மூடிவிடுவதாகச் சொன்னீர்கள். கைக்குட்டையைச் சுருட்டி உள்ளாடைக்குள் வைப்பதாகவும், அது நழுவுவதால் கடைக்குப் போகும்போது பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பதாகவும் சொன்னீர்கள். செயற்கை மார்பு வைக்க உள்ளாடைக்குள் பை எப்படித் தைப்பது என்று கேட்டீர்கள். வலது கையால் தையல் மெஷினை அதிகம் ஓட்டாதீர்கள் என்றதற்கு ரொம்ப நேரம் சிரித்தீர்கள்.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் சொன்னீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம் அவசரம். இடப்பக்கத்தில், “சட்டைப் பொத்தான் அளவுக்குக் கெட்டியா ஒண்ணு இருக்கு, வலி இல்ல, ஆனா நூலை இறுக்கிட்டா துணி சுருங்குமே, மேல தோல் அப்படி இருக்கு” என்றீர்கள். அன்றே மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். நீங்கள் வரவில்லை. மறுபடி அழைத்துக் கேட்டேன். “ஸ்கூல் யூனிஃபார்ம் நெறய இருக்கு, முடிச்சுக் குடுத்துட்டு வரேன்” என்றீர்கள். யூனிஃபார்ம் காத்திருக்கும் அம்மா. இது காத்திருக்கக் கூடாது. தயவுசெய்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தொலைபேசிச் செவிலி


பிப்ரவரி 13

செவிலியர் அவர்களுக்கு,

உங்களோடு நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மறதியைப் பற்றிய வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கான்வென்டில் முதல் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் வீட்டு எண்வரை எனக்கு நினைவிருக்கிறது. தையலைப் பொறுத்தவரை, ஊசியில் நூல் கோப்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பேசியவள் சின்னவள். என் பிறந்த தேதியை அவள் அறிவாள். குடும்பத்தில் ஒருவர் பிறந்த தேதியை மற்றவர் அறியாமல் இருக்க முடியாது.

கண்ணாடி உண்மை. வீட்டில் குளியலறை ஒன்றே, அது கீழே இருக்கிறது. துண்டைத் திரும்ப எடுக்க ஏதோ ஒரு நாள் மறந்திருப்பேன். கைக்குட்டை உண்மை. பையை அணைத்துக்கொண்டு நடப்பதும் உண்மை. மாடி ஜன்னலிலிருந்து தெரு தெரியும். நான் யாரிடமும் சொல்லாதவற்றை, என் மகனிடம்கூடச் சொல்லாதவற்றை, அவள் என் பெயரை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். போன மாதம் கடைசிப் படியில் புது உள்ளாடைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே வலப்பக்கம் பை வைத்துத் தைத்தவை. ஊரைக் கூட்டிச் சிரிக்கிறாள் என்று நினைத்து அலமாரியின் அடியில் தள்ளினேன். நினைத்தது சரிதான் போலிருக்கிறது. இதை எழுதி முடித்ததும் மேலே போய் நேருக்கு நேர் கேட்கப்போகிறேன்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, என்னென்ன கேட்பது என்று முடிவு செய்வதற்காக உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன்.

என் இடப்பக்கத்தில் எதுவும் இல்லை. இப்போதுதான் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பயிற்சியில் நீங்கள் கற்றுக்கொடுத்தபடி விரல்களால் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பொத்தான், நூல், துணிச் சுருக்கம் இவை நான் பேசும் சொற்களும் அல்ல. யூனிஃபார்ம் தைப்பவள் அவள்.

கண்ணாடியும் கைக்குட்டையும் என்னுடையவை. பொத்தான் அவளுடையது.

மாடியில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. நான் மேலே போகவில்லை. உடனே பதில் எழுதுங்கள்.

சூப்பர்வைசர் (ஓய்வு)


பிப்ரவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

என்னை மன்னித்துவிடுங்கள். மறதி என்று எழுதியதற்கும் சேர்த்து.

பிறந்த தேதி சரியாக இருந்தால் ஆளும் சரி என்று நினைத்துவிட்டேன். யூனிஃபார்ம் என்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு முகங்கள் தெரியாது, குரல்கள்தான் தெரியும். நாள் முழுவதும் “நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பவர்களோடுதான் பேசுகிறேன். அந்த ஒரு குரல் மட்டும் என்னோடு பேசியது. உங்கள் எண் வரும் நாளுக்காகக் காத்திருப்பேன் என்பதுதான் நிஜம். அதனால்தான் சந்தேகப்படத் தோன்றவில்லையோ என்னவோ.

அதைவிடப் பெரிய தவறு இரண்டாவது. ஒருவர் தன் உடம்பைப் பற்றி நம்பிச் சொன்னதை, தெரியாமலே இன்னொருவருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மருத்துவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டினார், திட்டட்டும். உங்கள் ஓரகத்தி சொன்னதைப் பற்றி இனி ஒரு வார்த்தையும் உங்களுக்கு எழுதக் கூடாது என்றார். அது நியாயம்தான். ஆனால் அவர்கள் எங்கள் நோயாளி இல்லை. நானாகக் கூப்பிட்டு “நீங்கள் யாரென்று தெரிந்துவிட்டது” என்று சொன்னால் போனை எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க எனக்கு வழியே இல்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களைத் திட்டாதீர்கள் அம்மா. கோபித்தால் ஒளித்துக்கொள்வார்கள்.

செவிலி


பிப்ரவரி 22

செவிலியர் அவர்களுக்கு,

திட்டவில்லை. அது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியாது.

இணைப்பகத்தில் என் அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. இணைப்பில் காதில் விழுந்தது காதோடு போக வேண்டும். தன் சொந்த அண்ணனின் வேலை போகப்போவதை ஒரு பெண் இணைப்பில் கேட்டாள். அன்று மாலை அதே அண்ணனுக்குப் பரிமாறினாள், வாய் திறக்கவில்லை. அவளை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினேன். இப்போது உங்கள் தவறால் எனக்கு ஒரு குறுக்கு இணைப்பு கிடைத்திருக்கிறது. கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொண்டு அவளை எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது?

முயன்றேன். படிக்கட்டின் அடியில் நின்று, “அந்த ஆஸ்பத்திரியில எல்லாப் பொம்பளைங்களுக்கும் பரிசோதனை பண்றாங்களாம்” என்றேன்.

மெஷின் நின்றது. “யாருகிட்ட பேசறீங்க?”

“உன்கிட்டதான்.”

“இத்தன வருஷம் கழிச்சு என்கிட்ட பேச இதுதான் கிடைச்சுதா?”

“சும்மா தகவலுக்குச் சொன்னேன்.”

“தகவலுக்கு ரொம்ப நன்றி. போய்க் கையைத் தலகாணி மேல தூக்கி வச்சுட்டு உட்காருங்க. சாயங்காலமானா தொங்கப் போட்டுக்கிட்டு நடக்கறீங்க.”

மெஷின் மறுபடி ஓடியது. என் கை கனப்பதை நான் உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன்.

மறுநாள் நீங்கள் கொடுத்த அச்சடித்த தாளை, மார்பகப் பரிசோதனைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து, அவள் உள்ளாடைகளை வைத்த அதே படியில் வைத்தேன். சாயங்காலம் அது கழுத்துப்பட்டை அளவுக்கு வெட்டப்பட்டு, கொட்டுவதற்காக அவள் கீழே கொண்டுவந்து வைத்த துணிக்கழிவுக் கூடையில் கிடந்தது. வெட்டு மிகவும் சுத்தம்.

எனக்குச் சட்டம் போடத் தெரியும். சட்டத்துக்கு வெளியே ஒருவரோடு எப்படிப் பேசுவது என்று என்னை யாரும் பழக்கவில்லை. உங்களுக்கு அதுதானே தொழில். சொல்லுங்கள்.

சூப்பர்வைசர் (ஓய்வு)


பிப்ரவரி 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று அழைக்க வேண்டிய முறை. அழைத்தேன். எடுத்தார்கள். “நான் நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன் வைத்துவிட்டார்கள். படிக்கட்டில் நீங்கள் பேசியதும் சந்தேகம் வந்திருக்கும். மற்றவர்களைப் போல அந்தக் குரலும் ஆகிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர்களைப் பற்றி எழுதக் கூடாது என்பதால் உங்களைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் முதல் கடிதத்துக்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை! கை கனப்பது நிணநீர் தேங்குவதால். விட்டால் கூடும். மோதிரத்தைச் சோப்பு நுரை போட்டு இன்றே கழற்றுங்கள், வராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும். அந்தக் கையில் ஊசி, ரத்த அழுத்தப் பட்டை எதுவும் கூடாது. இத்துடன் பார்சலில் ஒரு அழுத்த உறை அனுப்புகிறேன். மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை கையில் மாட்டுவது. காலையில் எழுந்ததும் போட வேண்டும். ரொம்ப இறுக்கமாக இருக்கும். ஒற்றைக் கையால் போடவே முடியாது, இன்னொருவர் வேண்டும்.

போட்டுவிட வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று எல்லா நோயாளியிடமும் கேட்க வேண்டும். உங்களிடமும் கேட்கிறேன்.

செவிலி


மார்ச் 6

செவிலியர் அவர்களுக்கு,

உறை கிடைத்தது. தனியாகவே முயன்றேன். பல்லால் கவ்வி இழுத்தும் பார்த்தேன். முழங்கையைத் தாண்டவில்லை. கதவின் கைப்பிடியில் மாட்டி இழுத்தபோது பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன். உங்கள் கேள்விக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும். உறையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

அவள் கணவர் இறந்த பிறகு நான் அந்த அறைக்குள் போனதில்லை. கருநீல யூனிஃபார்ம்கள் கட்டில்மீது அடுக்கியிருந்தன. கட்டிலில் படுக்க இடமில்லை. மெஷினுக்குப் பக்கத்தில், துணி போட்டுப் பார்க்க வருபவர்களுக்காக ஆளுயரக் கண்ணாடி ஒன்று நின்றது.

“என்ன?” என்றாள்.

“கை” என்றேன். உறையை நீட்டினேன்.

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். “நல்ல துணி. இத அக்குள் வரைக்கும் ஏத்தணும்னா மேல்சட்டையக் கழட்டணும்.”

“தெரியும்.”

அவள் எழுந்துபோய், ஒரு யூனிஃபார்ம் துணியை உதறி அந்தக் கண்ணாடிமேல் போட்டாள். அதைச் செய்தது எனக்காக என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

“எடுத்துடு. இருக்கட்டும்” என்றேன்.

எடுத்தாள். மேல்சட்டையை அவளே கழற்றிவிட்டாள். அறுவைக்குப் பிறகு நான் என்னை முழுதாகப் பார்த்தது அப்போதுதான். அவளும் பார்த்தாள். தையற்காரியின் பார்வை. தழும்பின் பக்கத்தில் விரலைக் கொண்டுவந்து, தொடாமல், காற்றிலேயே அதன் நீளத்துக்கு ஓட்டினாள்.

“தையல் நேராத்தான் போட்டிருக்கான். இந்த ஓரத்துல கொஞ்சம் இழுத்துட்டான்.”

“உன்கிட்டயே குடுத்திருக்கலாம்.”

“என் கூலி உங்களுக்குக் கட்டுப்படியாகாது.”

பிறகு தரையில் மண்டியிட்டு, உறையைச் சுருட்டி, மணிக்கட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“பயமா இருந்துச்சா, அக்கா?”

“இருந்தது.”

“ஒரு வார்த்தை சொல்லலையே.”

“நீ கேட்கலையே.”

“எப்படிக் கேக்கறது? நல்லா இருக்கேன்னு சொல்லிடுன்னு கீழே இருந்து உத்தரவு வந்துச்சு. நானும் போன்ல ‘நல்லா இருக்கேன்’னு அப்படியே சொன்னேன். அந்தப் பொண்ணு என்னையே நீங்கன்னு நெனச்சுட்டா. இல்லம்மா, அது எங்க அக்கான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள ‘வேற ஏதாவது சொல்லணுமாம்மா’ன்னு கேட்டா. அவர் போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல, அக்கா.”

நான் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று சொல்லவும் இல்லை. என் சட்டத்தைக் காப்பாற்றினேனா, வார்த்தை வராமல் இருந்தேனா என்பது எனக்கே தெரியாது.

அவள் என் இடது கையைப் பிடித்துத் தன் சட்டைக்குள் வைத்தாள். உங்களிடம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். சட்டைப் பொத்தான்.

அப்புறம் அழுதாள். அவள் கணவர் இறந்த அன்று அழுதாளே, அதே சத்தம். ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் நின்று அண்ணாந்துகூடப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.

நாளைக் காலை இருவரும் வருகிறோம், இந்தக் கடிதத்தோடு. யூனிஃபார்ம் காத்திருக்கும்.

சூப்பர்வைசர் (ஓய்வு)

பி.கு.: மோதிரம் கழன்றுவிட்டது. சோப்பு பலிக்கவில்லை. அவள் நூலைச் சுற்றி எடுத்தாள்.


மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்று வாசலில் உங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்கள் வாயைத் திறந்ததுமே அவர்களைத் தெரிந்துவிட்டது. என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு “இவ்வளவு சின்னப் பொண்ணா நீ? இத்தன நாளா என்கிட்ட அதிகாரம் பண்ணின!” என்றார்கள். நான் அழுததை நீங்கள் பார்க்காதது போல் இருந்ததற்கு நன்றி.

மருத்துவர் எல்லாவற்றையும் உங்கள் இருவரிடமும் விளக்கியிருப்பார். அதனால் மறுபடி எழுதவில்லை. அறுவைக்குப் பிறகு அவர்களும் எங்கள் பிரிவில் கைப்பயிற்சி முடித்துத்தான் வீடு வருவார்கள். அப்போது அவர்கள் பெயரிலேயே அழைக்க வேண்டும். எந்த எண்ணில், யார் எடுப்பார்கள் என்று தெரிவியுங்கள். இப்போதெல்லாம் நான் பிறந்த தேதியோடு நிறுத்திக்கொள்வதில்லை.

செவிலி


ஏப்ரல் 28

செவிலியர் அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். வழக்கமாக நான் தாமதிப்பதில்லை.

சின்னவள் போன வாரம் வீடு வந்தாள். அக்குளிலும் இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் முன்னதாக வந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். இனி மருந்து ஏற்ற வேண்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். பார்க்கலாம் என்ற சொல்லை நான் இவ்வளவு கவனமாக இதற்குமுன் கேட்டதில்லை.

அவளைக் கீழே என் அறைக்கு மாற்றியிருக்கிறேன். படிக்கட்டு வேண்டாம் என்று காரணம் சொன்னேன். காலையில் அவள் நல்ல கையாலும் நான் என் இடது கையாலும் சேர்ந்து என் உறையை ஏற்றுகிறோம். அரைமணி நேரம் ஆகிறது, பாதி நேரம் சண்டை. யூனிஃபார்ம்களில் மீதி இருந்தவற்றுக்கு அவள் படுத்தபடியே சொல்லச் சொல்ல நான் பொத்தான் தைத்தேன். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னாள். தைத்தேன். அலமாரி அடியில் தள்ளிய உள்ளாடைகளை இப்போது நான் அணிகிறேன். அளவு சரியாக இருக்கிறது. அவளுக்கு வேண்டியதை இடப்பக்கம் பை வைத்துத் தைக்க வேண்டும். அதைத் தைக்கும் அளவுக்கு என் கை இன்னும் பழகவில்லை என்கிறாள்.

குளியலறைக் கண்ணாடியில் இன்று காலை துண்டு கிடந்தது. நான் போட்டதல்ல. அப்படியே விட்டிருக்கிறேன்.

எண் பழைய எண்தான். தொலைபேசி கீழே வந்துவிட்டது. அவள் இப்போது யாரோடும் பேச மாட்டேன் என்கிறாள். உங்களோடும். ஆகவே மணி அடித்தால் நான்தான் எடுப்பேன். பிறந்த தேதி கேட்க வேண்டாம், நான் இன்னார் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறாள் என்றுதான் எனக்குச் சொல்ல வரும். அதை நம்பிவிட வேண்டாம். கொஞ்சம் பொறுத்திருந்து, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேளுங்கள்.

இருவரையும் கேளுங்கள்.

சூப்பர்வைசர்